பதினான்கு சாவிகள், ஒரு திருத்தம்

அண்ணே,

கையில் இரும்பு வாடை அடிக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போகவில்லை.

காலையில் மதினி போன் செய்தார். உங்கள் மைக் செட் கடையை ஒழித்துக்கொண்டிருக்கிறார்களாம். "தம்பி, ஒங்க அண்ணன் மேசைக்குள்ள ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. தூக்குனா கனக்குது, ஆட்டுனா கத்துது. எனக்குத் தொறக்க மனசு வரல. நீங்க வந்து தொறங்க. வெவகாரமா எதுவும் இருந்தா எங்கிட்டச் சொல்லாம அப்படியே கொண்டு போயிருங்க" என்றார். முப்பத்தெட்டு ஆண்டு நிருபராக இருந்தவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வராது. பத்து நிமிடத்தில் கடையில் இருந்தேன்.

டப்பாவை மேசையில் கவிழ்த்தேன். சாவிகள். எண்ணினேன்; பதினான்கு. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எந்த வயர் எந்த ஹாரன் ஸ்பீக்கருக்கு என்று எழுதி ஒட்டுவீர்களே, அதே பிளாஸ்திரி, அதே சாய்ந்த கையெழுத்து. "காதுகுத்து மண்டபம். பீரோச் சாவி போல." "திருமயம் பஸ். பச்சைச் சேலை அக்கா." "கட்சிக் கூட்டம். யாரும் தன்னுதுன்னு ஒத்துக்கல." மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா! நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன்" என்று உள்ளே போனார். குரலில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

பதிமூன்று சாவிகளை எனக்குத் தெரியும். அவை உங்கள் கைக்கு வந்த நாட்கள் என் நோட்டில் இருக்கின்றன. பதினான்காவதைக் கடைசியில் சொல்கிறேன். முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. இது செய்தி இல்லை என்பதால் விதியை மீறுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் விழுந்தது அந்தக் காதுகுத்தில்தான். மண்டபத்தில் மைக்கை எடுத்து "ஹலோ, மைக் டெஸ்ட்" என்றீர்கள். மைக் ஹாரனைப் பார்த்து நின்றதால் 'ஊ' என்று ஒரு கூவல் எழுந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் கேட்டுப் பழகிய கூவல்தான். அன்று அதைக் கேட்டதும் மைக்கைக் கீழே வைத்தீர்கள். போடவில்லை, வைத்தீர்கள், பொருளின் அருமை தெரிந்த கை. அதன்பிறகு சரிந்தீர்கள். கைகால் வெட்டியது. தலை இடதும் வலதுமாக ஆடியது.

"வலிப்பு! இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க!"

காதுகுத்துக்கு யாரும் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருவதில்லை. எல்லோரிடமும் இருப்பது சாவி. ஆளாளுக்கு இடுப்பைத் தடவினார்கள், பையைத் துழாவினார்கள். ஒருவர் நீட்டியதை இன்னொருவர் தட்டிவிட்டார்: "யோவ், இது பித்தளை. இரும்பு குடுய்யா." "பித்தள பூட்டுக்குத்தான்யா, சாவி இரும்பு." அங்கேயே ஓர் உலோக ஆராய்ச்சி நடந்தது. சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் ரிமோட் வைத்த கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். உங்கள் கை வெட்டிய வெட்டில் வெளியே நின்ற கார் பூட்டிக்கொண்டது, திறந்துகொண்டது, மறுபடி பூட்டிக்கொண்டது. விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "வண்டிக்கும் வந்துருச்சுடா!" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கண் திறந்தீர்கள். இரண்டு கையிலும் சாவி, மடியில் சாவி. நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த வீட்டுக்கு என்னக் காவலுக்குப் போட்டிருக்கீங்க?" பிறகு, முகம் வெளுத்திருந்தாலும், மைக்கை எடுத்துக் காணாமல் போன குழந்தைகளை அறிவிக்கும் அதே குரலில் அறிவித்தீர்கள்: "சிவப்புக் கயிறு கட்டின பைக் சாவி ஒண்ணு, பெத்தவங்களத் தேடி அழுதுக்கிட்டு இருக்கு. உரியவங்க மேடைக்கு வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போகலாம்." மண்டபமே சிரித்தது. ஒரு பீரோச் சாவிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அன்று முதல் நான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அக்கறையால் என்று சொல்ல ஆசைதான். பழக்கத்தால். இடம், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, யார் என்ன செய்தார்கள், கண் எப்படி இருந்தது, எத்தனை சாவி.

அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததையும் எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கு இரண்டுக்கும் தொடர்பு தெரியாது. மாசி மாதம், அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊரில் ஜல்லிக்கட்டு. மேடையில் நீங்கள் வர்ணனை. உங்களிடம் இருபது ஆண்டாக வேலை செய்யும் கருப்பையா, ஹாரன் கட்டிய கம்பத்துக்குக் கீழே நின்றிருந்தான். வாடிவாசலைத் தாண்டி வந்த ஒரு கறுப்பு மாடு தடுப்பு இடுக்கில் புகுந்து அவன் தொடையில் குத்தியது. 'ஒருவர் காயம்' என்று நான் எழுதினேன். கருப்பையாவுக்கு ஆறுவிரல் நீளத்தில் தையல் போட்டார்கள். மூன்று மாதத்தில் எழுந்து நடந்தான். குத்துப்பட்டவன் நடக்கத் தொடங்கிவிட்டான், பார்த்தவர் விழ ஆரம்பித்துவிட்டார் என்பதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. உங்களைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்துவதே பெரும்பாலும் கருப்பையாதான். நொண்டிக்கொண்டே தூக்குவான். "மொதலாளி, குத்து வாங்குனது நானு. நீங்க எதுக்கு விழுறீங்க?" என்று கேட்பான். நகைச்சுவையாகத்தான் கேட்டான்.

நீங்கள் விழுந்ததைவிட விழுந்தபின் நடந்ததுதான் உங்களை வருத்தியது. ஊர் ஊராக விழாக் கமிட்டிகள் ஒரே மாதிரி பேசின: "செட்டு ஒங்களுது போடுங்க. பேச்சுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கிறோம். மாடு வர்ற நேரத்துல ஒங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" மைக் பிடித்தால்தான் நீங்கள் ஆள். கடையில் உட்கார்ந்து, "மைக் இல்லாம செட்டு மட்டும் போடுறது, மாப்பிள்ளை இல்லாம தாம்பூலம் குடுக்குற மாதிரி, பங்காளி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் நோட்டில் எழுதவில்லை. அது நன்றாக இல்லை.

மூன்றரை வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டீர்கள். தூக்கம் வந்தது. விழுவதும் தொடர்ந்தது. தூங்கிக்கொண்டே வாழ்ந்து, விழித்தால் விழுந்துகொண்டிருந்தீர்கள். கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தலை முழுக்க வயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். வயர் ஒட்டிய பெண்ணிடம் நீங்கள், "எர்த் சரியாக் குடுத்தியாம்மா? இத்தன வயரு இழுத்திருக்க, ஒரு ஹாரனக்கூடக் காணோம்" என்றீர்கள். அந்தப் பெண் சிரித்ததில் ஒரு வயர் கழன்றது. இரண்டாம் நாள் பக்கத்து அறையில் ஏதோ இயந்திரம் 'ஊ' என்று கத்த, கேமராவுக்கு முன்னாலேயே உங்களுக்கு வந்தது. மூளையின் அலைகள் ஒழுங்காகத்தான் ஓடின. பணியில் இருந்த இளம் மருத்துவர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நார்மல். மூணாம் நாள் பெரிய டாக்டரப் பாருங்க" என்றார்.

அந்த 'ஒண்ணுமில்ல'தான் வினை. உங்கள் மச்சினர் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டுவிட்டார்: "ஒண்ணுமில்லைன்னா அப்ப இம்புட்டு நாளும் நடிப்பா மச்சான்?" நாம் புதுக்கோட்டையில் இறங்குவதற்குள் செய்தி நமக்கு முன்னால் இறங்கிவிட்டது. டீக்கடையில் ஒருவர், "மைக்ல எத்தன கொரல்ல பேசுவாரு! அவருக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்று பாராட்டாகவே சொன்னார்.

"மாத்திர தின்னப்ப நோயாளி. ஒண்ணுமில்லைன்னதும் நடிகன். அதுவும் சம்பளம் இல்லாத நடிகன், பங்காளி" என்றீர்கள். பிறகு டீயைக் குடிக்காமல் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான் செய்யல. ஒடம்பு செய்யுது. இத எந்த மொழியில சொன்னா நம்புவாங்க?"

உண்மையைச் சொல்கிறேன்: எனக்கும் அன்று ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது.

மூன்றாம் நாள் பெரிய மருத்துவரைப் பார்த்தோம். நரைத்த தலை, தணிந்த குரல் கொண்ட அம்மா. விழும்போது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று கேட்டார்.

"தொறந்திருந்துச்சு டாக்டர். முழி பிதுங்குச்சு" என்றார் மதினி.

"மேல சொருகிக்கிருச்சு" என்றார் மச்சினர்.

நான் நோட்டை நீட்டினேன். 'கண்கள் இறுக மூடியிருந்தன. கருப்பையா இமையைத் திறக்க முயன்றான்; முடியவில்லை.' நான் நேரில் பார்த்து எழுதிய பதினேழு குறிப்புகளிலும் கண் மூடித்தான் இருந்தது. சில நிமிடம் வெட்டும், நிற்கும், மறுபடி வெட்டும் என்பதும் இருந்தது. மருத்துவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார். என் எழுத்தை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. என் ஆசிரியர் உட்பட. "வலிப்பு நோய்ல பெரும்பாலும் கண்ணு திறந்திருக்கும். கேமராவுல நாங்க பாத்ததோட இது ஒத்து வருது" என்றார். பிறகு உங்களைப் பார்த்து: "இது வலிப்பு மாதிரியே இருக்கும். ஆனா மூளையில அந்த மின்சாரக் கோளாறு இல்ல. நடிப்பும் இல்லங்க. நீங்க வேணும்னு செய்யல. மனசு தாங்க முடியாத ஏதோ ஒண்ண உடம்பு எடுத்துச் செய்யுது. நிறையப் பேருக்கு வருது. சரி பண்ணலாம்."

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "டாக்டரம்மா, கடைசியாச் சொன்னீங்களே, அதுக்கு முன்னாடி சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க. எங்க மச்சினன் காதுல விழுகல."

"நடிப்பு இல்லைங்க."

மச்சினர் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரைகளை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மனசுக்கான சிகிச்சைக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார். எழுந்திருக்கும்போது நான், "சாவி வைக்கிறதுல ஏதாவது பிரயோசனம் உண்டா?" என்று கேட்டேன். "வீடு பூட்டத்தான்" என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது நீங்கள் சட்டென்று நின்றீர்கள். "பங்காளி, எனக்கு வெளங்கிருச்சு. மைக்ல கோளாறு இல்ல. ஆம்ப்ளிஃபயர்ல இல்ல. ஹாரன்லயும் இல்ல. ஆனா மைக்க ஹாரனப் பாத்து வச்சா, தன் சத்தத்தத் தானே கேட்டு, அதையே பெருசாக்கி, மறுபடி கேட்டு, மறுபடி பெருசாக்கிக் கத்தும்ல? அதான் நானு. எந்நேரமும் எனக்குள்ளயே காத வச்சுக்கிட்டுத் திரியிறேன். நெஞ்சு லேசா அடிச்சாக் கேக்குறேன். நான் கேக்குறேன்னு அது கூட அடிக்குது."

அடுத்த முறை போனபோது இதை மருத்துவரிடம் சொன்னீர்கள். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மருத்துவர் உங்களிடம் குறிப்பெடுத்ததை நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

சிகிச்சை கொடுத்த பெண்ணுக்கு நம் பிள்ளைகள் வயது. விழுவதற்கு முன் உங்களுக்கு இடது கட்டைவிரல் குறுகுறுக்கும்; அது தொடங்கியதும் கவனத்தை உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைக்கப் பழக்கினார். கண்ணில் படுவது என்ன, காதில் விழுவது என்ன, கை தொடுவது என்ன, ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல வேண்டும். நீங்கள் யோசித்துவிட்டு, "வர்ணன பண்ணச் சொல்றீங்க" என்றீர்கள். "அப்படியும் வச்சுக்கலாங்க" என்றார் பாவம். அதன் விளைவு அவருக்குத் தெரியாது.

விளைவு அறந்தாங்கி பஸ்ஸில் தொடங்கியது. நான் ஜன்னலோரம், நீங்கள் பக்கத்தில். கட்டைவிரலை அழுத்திக்கொண்டு திடீரென்று குரலை உயர்த்தினீர்கள்.

"வாராரு, வாராரு, கண்டக்டர் வாராரு! காதுல பேனா, கக்கத்துல பை! ரெண்டு சீட்டத் தாண்டிட்டாரு, மூணாவது சீட்டுல தேக்கம்!"

"யோவ், டிக்கெட் எடுத்தியா இல்லையா?"

"கண்டக்டர் சீறுறாரு! தொட்டுப் பாரு, பிடிச்சுப் பாரு! முன் சீட்டுல ஒரு ஆத்தா, மடியில முருங்கக்காக் கட்டு, ஒரு காயி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, நிருபரே, கண்ணு பத்திரம்!"

ஆத்தா திரும்பினார். "என்னப்பா ஆளு இது, நல்லாத்தானே ஏறுனாரு?"

"வைத்தியங்க ஆத்தா. டாக்டர் சொல்லித்தான் செய்றாரு" என்றேன்.

"எந்த டாக்டரு? எங்க வீட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. அட்ரஸ் குடு."

அன்று நீங்கள் விழவில்லை. அரசர்குளம் வருவதற்குள் கட்டைவிரல் அமைதியாகிவிட்டது. நாம் இறங்கும்போது கண்டக்டர், "மாடு வெற்றியாண்ணே?" என்று கேட்டார். "மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு தம்பி" என்றீர்கள்.

கவனத்தைத் திருப்பினால் மட்டும் போதாது, அது எதைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்றார் அந்தப் பெண். ஐந்தாம் முறை போனபோது என்னையும் உள்ளே கூப்பிட்டீர்கள். "இவன் எழுதாம இருந்தாச் சொல்றேன்" என்றீர்கள். நோட்டை மூடினேன்.

அந்த மாசி மாதத்து ஜல்லிக்கட்டில், கறுப்பு மாடு வரும்போது நீங்கள் மைக்கில் ஒரு வேடிக்கை சொல்லியிருந்தீர்கள். "கருப்பையா, மாடும் கருப்பு, நீயும் கருப்பு. அண்ணன் தம்பின்னு கட்டிக்கிறாம, தள்ளி நில்லுப்பா!" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கருப்பையா உடனே மேடையை நிமிர்ந்து பார்த்தான், கையை ஆட்டினான். அந்த நேரத்தில் மாடு பின்னால் வந்தது. மேடையோரத்து ஹாரன் கூவியது.

"அவன் என்னப் பாத்ததுனாலதான் மாட்டப் பாக்கல. நான் கூப்புட்டுத்தான் அவன் பாத்தான்." நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வேடிக்கையும் இல்லாமல் பேசினீர்கள்.

மறுநாளே கருப்பையா வீட்டுக்குப் போனோம். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நீங்கள் முழுவதும் சொல்லி முடித்தீர்கள். அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"மொதலாளி, நீங்க என்ன பேசுனீங்க?"

"அதான் சொன்னேன்ல. அண்ணன் தம்பின்னு..."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே! அங்கிட்டு ஹாரன் வேலையே செய்யல. அதச் சரி பண்ணத்தானே நான் அங்க போயி நின்னேன்! 'ஹாரன் பேசல'ன்னு ஒங்களுக்குக் கையக் காட்டுனேன். நீங்க என்னமோ இளிச்சுக்கிட்டு இருந்தீங்க."

நீங்கள் கன்றைப் பார்த்தீர்கள். வாளியைப் பார்த்தீர்கள். "அந்த ஹாரனு பேசலையா?"

"ரெண்டு நாளாப் பேசல மொதலாளி. உள்ள இருக்குற டயாபிரம் தகடு போச்சுன்னு சொன்னேன். மாத்துவோம் மாத்துவோம்னீங்க."

நான்கு வருடம் நீங்கள் சுமந்த சொல் அவன் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. "அப்ப தப்பு என் வாயில இல்ல, என் கஞ்சத்தனத்துல" என்று சொல்லி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். பிறகு அழுதீர்கள். கருப்பையா மனைவி டீ கொண்டு வந்தவர், எதற்கு என்று தெரியாமல் நம் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கதையாக இருந்தால் அன்றோடு நின்றிருக்கும். அடுத்த வாரமே மறுபடி விழுந்தீர்கள். திருமயம் சாலையில், மதியம். என் மொபெட்டில் ஒரு விழாப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். "நிறுத்து" என்றீர்கள், நிறுத்தினேன், புளியமரத்தடியில் சரிந்தீர்கள். நீங்களும் நானும் மட்டும். மருத்துவர் சொன்னபடி கல்லை எல்லாம் ஒதுக்கினேன், துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன், பிடித்து அழுத்தவில்லை. புளியமரம், மைல்கல், போகிற லாரி என்று பேர் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதினேன்: 'பத்தொன்பது நிமிடம். கூட்டம் இல்லை. கையில் எதுவும் வைக்கப்படவில்லை.' அந்தக் கடைசி வரியில் எனக்குப் பெருமை. அதற்குள் நான் ஊர் ஊராக, 'சாவி வைக்காதீர்கள்' என்று பிரசங்கம் செய்கிறவனாகியிருந்தேன்.

கண் விழித்ததும், "என்ன பங்காளி, சேதி போயிச் சேர இன்னும் நாளாகும்போல. ஒங்க பேப்பர் மாதிரி ஒடம்புக்கும் மறுநாள் காலையிலதான் வருது" என்றீர்கள்.

கிளம்பப் பார்த்தால் மொபெட் சாவியைக் காணவில்லை. புதர், மணல், என் சட்டைப் பை, எல்லாம் தேடினோம். "ஓணான் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றீர்கள். அடுத்த மெக்கானிக் கடைவரை மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளினோம். நான் ஹேண்டிலைப் பிடிக்க, பத்தொன்பது நிமிடம் விழுந்து எழுந்த மனிதர் பின்னாலிருந்து தள்ளினார். வழி முழுக்க எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

அதன்பிறகு விழுவது குறைந்தது. மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. அடுத்த மாசியில் அதே ஊர் ஜல்லிக்கட்டு. கமிட்டித் தலைவர் பிடி கொடுக்கவில்லை. "செட்டு போடுங்க. பேச்சுக்கு வாத்தியாரச் சொல்லியாச்சு." வாத்தியார் நல்ல தமிழில் பேசினார். "அடுத்ததாகக் களம் காணவிருக்கும் காளையார் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று அவர் முடிப்பதற்குள் காளையார் அவர்கள் களத்தைத் தாண்டிக் கண்மாய்க்கே போய்விட்டார். கூட்டம் கத்தியது. பதினோரு மாடு இப்படிப் போனபின், தலைவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களைத் திரும்பிப் பார்க்காமலே மைக்கை நீட்டினார்.

நீங்கள் பேச ஆரம்பித்ததும் கேலரியில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாற்பது மாடு வரை எதுவும் இல்லை. நாற்பத்தொன்றாவது ஒரு கறுப்பு மாடு. அதே நேரம் ஒரு ஹாரன் 'ஊ' என்றது. எனக்கு இருபதடி தள்ளி நீங்கள். உங்கள் இடது கட்டைவிரல் ஆட ஆரம்பித்ததைப் பார்த்தேன். பிறகு மணிக்கட்டு. தலைவரும் பார்த்துவிட்டார், மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவரைச் சுற்றி நான்கு பேர் சட்டைப் பையில் கை விட்டார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் மைக்கைக் கொடுக்கவில்லை.

"வாடிவாசல்ல ஒரு மாடு நிக்குது. மேடையிலயும் ஒரு மாடு நிக்குது! இது எந்த ஊரு மாடு? நம்ம வீட்டு மாடுதான்! நாலு வருசமா நம்ம கட்டித் தீனி போட்ட மாடு! எடது கையில துள்ளுது பாரு! கமிட்டிக்காரவுக யாரும் கிட்ட வராதீங்க, சாவிய உள்ள வைங்க, ஒரு ஆளு மட்டும் பிடி! கண்ணத் தொறந்து வச்சுக்கிறேன். எதுக்க வேப்பமரம், வேப்பமரத்துல மூணு பேரு, அதுல ஒருத்தன் ஐஸ் திங்கிறான். அந்தா, கம்பத்துக்குக் கீழ கருப்பையா! கருப்பையா, அந்த ஹாரன் பேசுதா?"

கருப்பையா கம்பத்தடியிலிருந்து கையை உயர்த்தினான். இரண்டு கையையும் உயர்த்தினான்.

"ஹாரன் பேசுது! திமிலக் கட்டியாச்சு, ஒரு தாவு, ரெண்டு தாவு, மூணு தாவு... மாடு பிடி மாடு! பிடிச்ச வீரருக்குக் கமிட்டி சார்பா ஒரு அண்டா!"

விசில் பறந்தது. உங்கள் கட்டைவிரல் அடங்கியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீங்கள் எந்த மாட்டைச் சொன்னீர்கள் என்று தெரியாது. வாடிவாசல் மாடு இன்னும் உள்ளேயேதான் நின்றது. அன்று சாயங்காலம் தலைவர் உண்மையிலேயே ஓர் அண்டாவைக் கொடுத்து அனுப்பினார். மதினி இன்றும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார். அடுத்த இரண்டு மாசியும் மைக் உங்கள் கையில்தான் இருந்தது.

போன ஐப்பசியில், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வெட்டும் இல்லை, கூட்டமும் இல்லை, சாவியும் இல்லை. அந்தக் குறிப்பை எழுத நான் பக்கத்தில் இல்லை.

இப்போது பதினான்காவது சாவி. சிறிய சாவி. தலையில் நீல பெயின்ட். என் மகள் சிறுமியாக இருந்தபோது, அப்பா சாவி தொலைக்கக் கூடாது என்று நகப்பூச்சுக்குப் பதிலாக சைக்கிள் பெயின்ட் பூசிய சாவி. பிளாஸ்திரியில் எழுதியிருந்தீர்கள்: "திருமயம் ரோடு. பங்காளி. கேட்டாக் குடுக்கணும்."

வண்டியிலிருந்து சாவியை எடுத்ததோ, உங்கள் கையில் வைத்து விரல்களை மூடியதோ, ஒன்றும் எனக்கு நினைவில்லை. வாய் மரம், மைல்கல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது. நான் செய்யவில்லை அண்ணே, உடம்பு செய்திருக்கிறது. இதை எந்த மொழியில் சொன்னால் நம்புவார்கள் என்று நீங்கள் கேட்டது இன்றுதான் எனக்குக் கேட்டது. என் ஹாரனும் இத்தனை நாள் பேசவில்லை.

எப்போது பார்த்தீர்கள்? அன்று சாயங்காலமா? அல்லது விழித்த உடனேயே தெரியுமா? தெரிந்தே பையில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளினீர்களா? அந்தச் சிரிப்பை நினைத்தால், தெரிந்துதான் தள்ளியிருக்கிறீர்கள்.

சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன். மதினி வாசலில் அண்டாவை விளக்கிக்கொண்டிருந்தார். "அண்டாவுல சாம்பல், சாம்பல்ல ஒரு கோழி, கோழிய வெரட்ட மதினி" என்று வாய்விட்டே சொன்னேன். மதினி நிமிர்ந்து பார்த்தார். "கோழி பிடிபடல தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினேன்:

'திருத்தம்: திருமயம் சாலை குறித்த மேற்படி பதிவில், கையில் எதுவும் வைக்கப்படவில்லை என்று இருப்பது தவறு. ஒரு மொபெட் சாவி வைக்கப்பட்டது. வைத்தவர் இந்த நிருபர்.'

மொபெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டு வெகுநாளாகிறது. சாவியை மட்டும் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை.